சிசிஎன்பி பரீட்சைக்கு எதைப் படிப்பது, எதை விடுவது: யாழ்ப்பாணத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் லப்டொப்போடு வந்திருப்பார்கள். எல்லோரும் நெட்வேர்க் வேலையில் இருப்பவர்கள், அல்லது அந்த வேலையைத் தேடுபவர்கள். சிஸ்கோ நிறுவனம் நெட்வேர்க் வேலைக்காரருக்கு வழங்கும் உயர்நிலைச் சான்றிதழான சிசிஎன்பி எண்டர்பிரைஸ் பரீட்சைதான் இலக்கு. அவர்கள் கேட்பதையேதான் பருத்தித்துறையிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் போனில் கேட்கிறார்கள். ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். முன்பு ரூட், சுவிட்ச், டிஷூட் என்று மூன்று பரீட்சைகள் இருந்தன. 2020 பெப்ரவரி 24இலிருந்து சிஸ்கோ அதை இரண்டாக்கியது. ஒன்று எல்லோருக்கும் பொதுவான என்கோர், இலக்கம் 350-401, 120 நிமிடம். மற்றது நீங்களே தெரிவுசெய்யும் ஒரு சிறப்புப் பாடம், 90 நிமிடம். இங்கே பெரும்பாலானோர் எடுப்பது எனார்சி, இலக்கம் 300-410. நான் என்கோரை இரண்டாம் தரம்தான் பாஸ் பண்ணினேன். முதல்தரம் ஏன் கோட்டை விட்டேன் என்பது கீழே வரும்.

அண்ணை, முதல்ல எந்தப் புத்தகம் வாங்கிறது?

ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் சிஸ்கோவின் தளத்தில் சும்மா கிடக்கும் பாடத்திட்டத்தை இறக்கி அச்சடியுங்கள். நாலைந்து தாள்தான் வரும். பரமேஸ்வராச் சந்திப் பக்கம் ஒரு பொட்டோக்கொப்பிக் கடையில் ஒரு தேத்தண்ணிக் காசுக்குள் முடிந்துவிடும். இந்தத் தாள்கள் கையில் இல்லாமல் புத்தகம் தெரிவுசெய்வது, அளவெடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி.

அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை வீதம் என்பது. என்கோர் 1.1 பதிப்பில் கட்டமைப்பு 15, வேர்ச்சுவலைசேஷன் 10, இன்ஃப்ராஸ்ட்ரக்சர் 30, நெட்வேர்க் அஷூரன்ஸ் 10, பாதுகாப்பு 20, ஓட்டோமேஷன் 15. பதிப்பு மாறும்போது இந்தக் கணக்கும் மாறும். ஆகவே தாளின் தலையில் உள்ள பதிப்பு இலக்கத்தை வட்டமிட்டு வையுங்கள்.

இரண்டாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: ஒவ்வொரு வரியும் எந்த வினைச்சொல்லோடு தொடங்குகிறது? ‘கொன்ஃபிகர்’ என்றால் கை பழக வேண்டும். ‘டிஸ்க்ரைப்’ என்றால் விளங்கியிருந்தால் காணும். ‘இன்டர்பிரெட்’ என்றால் தருவதை வாசித்து என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். உதாரணம் சொல்கிறேன். ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி இரண்டும் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் முறைகள். அதே 1.1 பதிப்பில் ஓஎஸ்பிஎஃப் வரியில் ‘கொன்ஃபிகர்’ என்று இருக்கிறது. ஈஐஜிஆர்பி வரியிலோ ‘கொம்பேர்’, அதாவது ஓஎஸ்பிஎஃப்போடு ஒப்பிடத் தெரிந்தால் போதும். இணுவிலிலிருந்து வரும் ஒரு தம்பி என்கோருக்கென்று மூன்று கிழமை ஈஐஜிஆர்பி கொமாண்டுகளை உருப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த மூன்று கிழமை எனார்சியில் உதவும்தான், ஆனால் அப்போது அவருக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

நான் மூன்று நிறப் பேனையால் கோடிடச் சொல்வேன். கை பழக வேண்டியது சிவப்பு, வாசித்து விளங்க வேண்டியது நீலம், ஏற்கெனவே வேலையில் தினமும் செய்வது பச்சை. பச்சைக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். சிவப்புக்கு லாப், அதாவது சாதனங்களை இணைத்துக் கை பழகும் வசதி, தேடுங்கள். நீலத்துக்குத்தான் புத்தகம்.

சரி, அப்ப புத்தகம்?

சிஸ்கோ பிரஸ் வெளியிடும் ஆஃபிஷியல் சேர்ட் கைட் ஒன்று போதும். என்கோருக்கான அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு 2023இல் வந்தது. முதல் பதிப்பை யாராவது இலவசமாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

அந்தப் புத்தகம் முழுமையானது என்று நினைக்கவும் கூடாது. ரூட்டிங் அத்தியாயங்கள் நல்லவை. எஸ்டி-அக்சஸ் (மென்பொருளால் நடத்தும் அலுவலக நெட்வேர்க்), ஓட்டோமேஷன் அத்தியாயங்களை வாசித்து முடித்தால் பெயர்கள் தெரியும், வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாது. அந்த இடங்களுக்குச் சிஸ்கோவின் சொந்த வடிவமைப்பு வழிகாட்டிகளும் சிஸ்கோ லைவ் மாநாட்டு உரைகளும் நல்லது. இரண்டும் இலவசம், ஒரு கணக்குத் திறந்தால் போதும். மாநாட்டு உரை ஒன்றைப் பார்ப்பது அந்தச் சாதனத்தைச் செய்தவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தருவது போல இருக்கும். ஒன்றரை மணித்தியால உரையில் முக்கால் மணித்தியாலம் உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய ரூட், சுவிட்ச் புத்தகங்கள் கிடக்கு. எறியிறதோ?

எறிய வேண்டாம். சுவிட்சுகளுக்கிடையே பொதிகள் வட்டமிட்டுச் சுழலாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ மாறவில்லை, ஓஎஸ்பிஎஃப் மாறவில்லை, நிறுவனங்களுக்கிடையே வழி சொல்லும் பிஜிபி பாதை தெரிவுசெய்யும் ஒழுங்கும் மாறவில்லை. ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பை வரையறுக்கும் நியம ஆவணமான ஆர்எஃப்சி 2328 வந்தது 1998இல், பிஜிபி-4க்கான ஆர்எஃப்சி 4271 வந்தது 2006இல். இவற்றைப் பழைய புத்தகங்கள் சில இடங்களில் புதியவற்றைவிட ஆறுதலாக விளக்குகின்றன. விஎக்ஸ்லான், லிஸ்ப், ரெஸ்ட்கொன்ஃப் என்று புதிய தலைப்புகளைப் பாடத்திட்டத்தில் கண்டால் மட்டும் பழைய புத்தகத்தை மூடிவிடுங்கள்.

என்னட்ட லப்டொப்பில 8 ஜிபி தான் ராம். லாப் செய்யக் காணுமோ?

அதிகம் வரும் கேள்வி இதுதான். விடையும் கொஞ்சம் நீளம்.

எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்பானிங் ட்ரீ, ஈதர்சானல், எச்எஸ்ஆர்பி, எளிய ஓஎஸ்பிஎஃப்: சிஸ்கோவின் பாவனை மென்பொருளான பக்கெட் ட்ரேசரே போதும், 8 ஜிபி தாராளம். அதைச் சிசிஎன்ஏக்காரரின், அதாவது ஒரு படி கீழே உள்ள சான்றிதழுக்குப் படிப்பவரின், விளையாட்டுச் சாமான் என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். பிஜிபியை ஆழமாகத் தொடும்போதும் விஎக்ஸ்லானுக்கு வரும்போதும்தான் அது கைவிடும்.

அடுத்த படி சிஸ்கோ மொடலிங் லாப்ஸ். தனிநபர் பதிப்பு ஆண்டுக்கு 199 டொலர், 20 நோட் (லாப்பில் போடும் சாதனம்) வரை. ஐந்து நோட் வரை ஓடும் இலவசப் பதிப்பும் உண்டு. ஐந்து நோட் குறைவு என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்வது, என்கோரின் அரைவாசி லாப்களை மூன்று ரவுட்டரில் முடிக்கலாம். இந்த வழியில் வரும் சிஸ்கோ மென்பொருள் முறையான உரிமத்தோடு வருகிறது என்பது இன்னொரு நன்மை. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி இரண்டும் நல்ல கருவிகள்தான், ஆனால் அவை வெறும் சட்டி. உள்ளே போடும் சிஸ்கோ இமேஜ் எங்கிருந்து வந்தது என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஆனால் மொடலிங் லாப்ஸை வேர்ச்சுவல் மெஷினில் ஏற்ற அதற்கே 8 ஜிபி வேண்டும். உங்கள் லப்டொப்பில் மொத்தமே அவ்வளவுதான் என்றால் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மூடியைக் கழற்றி இன்னொரு ராம் செருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய லப்டொப்களில் இருக்கும், 16 ஆக்கினால் போதும். இரண்டு, சிஸ்கோவின் இணையப் பயிற்சிக்கூடமான டெவ்நெட் சான்ட்பொக்ஸில் நேரம் பதிவுசெய்து அவர்களுடைய கணினியில் லாப் ஓட்டுங்கள், காசு இல்லை. மூன்றாவது எனக்கு விருப்பமானது: லினக்ஸில் எஃப்ஆர்ஆர். 2017இல் குவாகா என்ற பழைய திட்டத்திலிருந்து பிரிந்து வந்த திறமூல ரூட்டிங் மென்பொருள் அது. கொமாண்டுகள் சிஸ்கோவுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. சிஸ்கோவின் மென்பொருள் ரவுட்டரான சிஎஸ்ஆர் ஒன்றுக்கு 4 ஜிபி கொடுக்க வேண்டிய இடத்தில், எஃப்ஆர்ஆர் கொன்டெய்னர் பத்தைப் பழைய லப்டொப்பில் ஓடவிட்டுப் பிஜிபி பழகலாம்.

கேட்9000 சுவிட்சின் வேர்ச்சுவல் பதிப்பை வீட்டில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: ஒன்றே ஒன்று 16 ஜிபிக்கு மேல் விழுங்கும். விட்டுவிடுங்கள்.

லாப் பயிற்சி எண்டு இறக்கி வச்சிருக்கிறன். செய்து முடிச்சுப்போட்டன். ஆனா மனதில நிக்கேல்லை?

ஏனென்றால் அந்தப் பயிற்சிகள் எல்லாம் சரியாக வேலை செய்வதில் முடிகின்றன. சொல்லியபடி தட்டினீர்கள், பிங் போனது, மூடினீர்கள். லாப் பயிற்சி ஒன்றைத் தெரிவுசெய்யும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அது எதையாவது உடைக்கச் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் நீங்களே உடையுங்கள்.

இதை இன்றே செய்து பாருங்கள். இரண்டு ரவுட்டரை ஒரு கேபிளால் இணைத்து ஓஎஸ்பிஎஃப் ஓடவிடுங்கள். நெய்பர், அதாவது பக்கத்து ரவுட்டரோடான உறவு, ‘ஃபுல்’ நிலைக்கு வரும். இப்போது ஒரு பக்கத்தில் மட்டும் ஐபி எம்டியுவை, அதாவது ஒரு பொதியின் உச்ச அளவை, 1400 ஆக்குங்கள். என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. அப்படியே ‘ஃபுல்’ என்று நிற்கும். பலர் இங்கே ‘எம்டியு பிரச்சினை எண்டது சும்மா கதை’ என்று எழும்பிவிடுவார்கள். பொறுங்கள். ‘கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் புரொசெஸ்’ கொடுங்கள். இப்போது நெய்பர் மேலே வரப் பார்த்து, ஒரு பக்கம் ‘எக்ஸ்ஸ்டார்ட்’, மறுபக்கம் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று இடையில் தொங்கும். பிங் போகும். ஹலோ போகும். ரூட் மட்டும் வராது. எம்டியுவை ஓஎஸ்பிஎஃப் சரிபார்ப்பது தரவுத்தள விவரப் பொதிகளைப் பரிமாறும் அந்த ஒரு கட்டத்தில்தான். பரிமாற்றம் ஏற்கெனவே முடிந்துவிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்று சொல்லமாட்டேன். சொன்னது, நான் வாசித்துக் கடந்துபோனேன். பிறகு ஒருநாள் யாழ்ப்பாணத்து அலுவலகம் ஒன்றுக்கும் அதன் கிளிநொச்சிக் கிளைக்கும் இடையே ஜிஆர்ஈ டனல், அதாவது வேறொரு நெட்வேர்க்குக்குள்ளால் போட்ட ஒரு பாதை. ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு மின்வெட்டில் கிளிநொச்சி ரவுட்டர் அணைந்து எழும்பியது, அதோடு ரூட் இல்லை. யாரோ ஒருவர் இடையில் ஒரு பக்கத்தில் மட்டும் 1400 போட்டிருக்கிறார், மறுபக்கம் வழமையான 1476. கரண்ட் போகும்வரை அது ஒளிந்திருந்தது. இரவு பதினொன்றரை வரை நான் பயர்வோலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு லாப்பையும் இப்படி மூன்று விதமாக உடைத்து, ஒவ்வொரு உடைவுக்கும் ‘ஷோ’ கொமாண்ட் என்ன காட்டியது என்று கொப்பியில் எழுதுங்கள். கையால். அந்தக் கொப்பிதான் கடைசிக் கிழமையில் நீங்கள் வாசிக்கப்போகும் புத்தகம்.

பழைய ரவுட்டர், சுவிட்ச் கொஞ்சம் மலிவா வருது. வாங்கலாமோ?

இரண்டு 3560 சுவிட்ச் கிடைத்தால் வாங்கலாம். ட்ரங்க், ஈதர்சானல் போன்றவற்றில் கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பழகுவதற்கு நிகர் இல்லை. அதற்கு மேல் வேண்டாம். சத்தத்தில் வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ளமாட்டார்கள், கரண்ட் பில் வரும்போது அம்மா கேட்கும் கேள்விக்கும் விடை இருக்காது.

வீடியோ எதைப் பாக்கிறது? யூரியூப்பில ஆயிரம் கிடக்கு.

ஒரு சோதனை சொல்கிறேன். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தலைப்பு ஒன்றை எடுங்கள், ஸ்பானிங் ட்ரீயில் ரூட் பிரிட்ஜ் தெரிவு என்று வைப்போம். அந்த ஆசிரியர் அதை எப்படி விளக்குகிறார் என்று பாருங்கள். தெரிந்த விஷயத்தில் உங்களுக்குப் புதிதாக ஒன்றைக் காட்டினால், தெரியாத விஷயத்தையும் அவரிடம் நம்பிப் படிக்கலாம். தெரியாத தலைப்பை வைத்து ஆசிரியரை எடைபோட முடியாது. எல்லோரும் கெட்டிக்காரர் மாதிரித்தான் தெரிவார்கள்.

ஒருவரைத் தெரிவுசெய்தால் அவரோடு முடியுங்கள். பாதியில் இன்னொருவருக்குத் தாவுவதுதான் எங்கள் பெரிய வியாதி. விறாந்தைக்கு வருபவர்களில் ஒருவரிடம் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் நிறைய வீடியோ இருக்கிறது, யார் யாரோ கொடுத்தது. எதிலும் நாலாவது பாடத்தைத் தாண்டவில்லை. டேட்டா போதாதவர்கள் நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவில் அடுத்த கிழமைக்கு வேண்டியதை மட்டும் இறக்குங்கள். முழுவதையும் இறக்கினால் இறக்கியதையே படித்ததாக மனம் எடுத்துக்கொள்ளும்.

பாஸ்ட் பேப்பர் செய்துதானே ஏ/எல் எடுத்தனாங்கள். இதுக்கு டம்ப்ஸ் பார்த்தால் என்ன?

கேட்பவர் குற்றமில்லை. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. ரியூசனில் பத்து வருட வினாத்தாள் செய்யாமல் உயர்தரத்துக்குப் போனவர் யார்? ஆனால் இரண்டும் ஒன்றில்லை. உயர்தர வினாத்தாள் பரீட்சை முடிந்ததும் எல்லோர் கைக்கும் வரும் பொதுச் சொத்து. புள்ளித்திட்டமும் பரீட்சைத் திணைக்களமே வெளியிடுவது. டம்ப்ஸ் என்பது பரீட்சை அறையிலிருந்து களவாக வந்தது. விடை எழுதியவர் யாரென்று தெரியாது, அவர் பாஸ் பண்ணினாரா என்றும் தெரியாது.

நான் கண்ட ஒரு டம்ப்ஸ் கோப்பில், பிஜிபியில் பாதைகளை ஒப்பிடும் மெட் என்ற பெறுமதி கூடிய பாதைதான் தெரிவுசெய்யப்படும் என்று விடை போட்டிருந்தது. குறைந்ததுதான் தெரிவாகும். கோப்பைக் கொண்டுவந்தவர் அதை மனப்பாடம் செய்து, வேலை செய்யும் இடத்திலும் அப்படியே மாற்றிப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். பரீட்சைக்கு வந்த வினை ரவுட்டரிலும் ஏறிவிட்டது.

நடைமுறைக் காரணங்களும் உண்டு. பரீட்சையில் கொமாண்ட் அடித்துச் செய்யும் லாப் கேள்விகள் வருகின்றன, அவற்றை ஏபிசிடி மனப்பாடத்தால் தாண்ட முடியாது. ஒரு கேள்வியைக் கடந்தால் திரும்பிப் போகவும் முடியாது. களவு பிடிபட்டால் புள்ளியை ரத்துச் செய்யவும் இனி எழுதவிடாமல் தடுக்கவும் சிஸ்கோவுக்கு உரிமை இருக்கிறது, நீங்கள் கையெழுத்து வைக்கும் ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. அதையெல்லாம் தப்பினாலும் டுபாயிலோ சிங்கப்பூரிலோ நேர்முகத்தில் இருப்பவர் வைட்போர்டில் இரண்டு வட்டம் கீறி ‘இந்த நெய்பர் ஏன் வரவில்லை?’ என்று கேட்பார்.

அப்ப மாதிரி வினாத்தாளே வேண்டாமோ?

வேண்டும். பொசன் போன்றவர்கள் தாமே எழுதிய கேள்விகளை விற்கிறார்கள். அதில் காசுக்குரியது கேள்வி இல்லை, விளக்கம். சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் பிழை என்றும் எழுதியிருக்க வேண்டும். அப்படி இல்லாததை வாங்காதீர்கள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கினால் போதும். முன்னரே தொடங்கினால் கேள்விகள் பாடமாகிவிடும், பிறகு உங்களை அளக்க ஒன்றும் மிஞ்சாது.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் புத்தகம் வாசிக்கவே பயமாக் கிடக்கு.

பரீட்சை ஆங்கிலத்திலும் ஜப்பான் மொழியிலும்தான் இருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தைத் தாண்டிப் போக வழியில்லை. ஆனால் இந்தப் புத்தகங்களின் ஆங்கிலம் சின்ன ஆங்கிலம். ஒரே நானூறு ஐந்நூறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் மூன்று அத்தியாயம் கஷ்டம், பிறகு ஓடும்.

நான் செய்தது இது. வாசிப்பது ஆங்கிலத்தில், கொப்பியில் எழுதுவது தமிழில். அதுவும் புத்தகத் தமிழில் இல்லை, தங்கச்சிக்குச் சொல்வது போல. பள்ளிக்கூடத்தில் சுவிட்சை ‘ஆளி’ என்று படித்தோம். எனக்குப் பிடித்த சொல், ஆனால் கொப்பியில் சுவிட்ச் என்றே எழுதினேன், பரீட்சையில் அந்தச் சொல்லைத்தான் காணப்போகிறேன். பெயர் ஆங்கிலம், விளக்கம் தமிழ். தமிழில் விளக்கி எழுத முடியவில்லை என்றால் எனக்கு அது விளங்கவில்லை என்று அர்த்தம், திரும்பப் போவேன்.

கேள்வி வாசிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நீளமான கேள்வியில் கடைசி வரியை முதலில் வாசியுங்கள், என்ன கேட்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். ‘நொட்’, ‘லீஸ்ட்’, ‘விச் டூ’ என்ற சொற்களுக்கு மேல் விரலை வைத்து வாசிக்கப் பழகுங்கள்.

ஓட்டோமேஷன் பகுதியை விட்டுட்டு மற்றதில புள்ளி எடுக்கலாமோ?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 15 வீதம்தானே, ரூட்டிங்கில் நான் புலி, அங்கே பிடித்துவிடலாம் என்று. அதுதான் முதல்தரம் கோட்டை விட்ட கதை. பாஸ் புள்ளி எவ்வளவு என்று சிஸ்கோ வெளியிடுவதில்லை. ஆகவே ஒரு பகுதியை விட்டுவிட்டு மற்றதில் ஈடுகட்டும் கணக்கை ஒருவராலும் போட முடியாது.

இதற்குப் பெரிய புரோகிராமர் ஆக வேண்டியதில்லை. பைதன் துண்டு ஒன்றை வாசித்து என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஜேசன் என்ற தரவு வடிவக் கோப்பில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க வேண்டும். பைதனில் ‘ட்ரூ’வின் முதல் எழுத்துப் பெரியது, ஜேசனில் சின்னது. கடைசி உருப்படிக்குப் பின்னால் ஒரு கமா நின்றால் பைதன் மன்னிக்கும், ஜேசன் மன்னிக்காது.

புத்தகத்தில் இதைப் படிக்காதீர்கள். டெவ்நெட் சான்ட்பொக்ஸில் உள்ள ஐஓஎஸ் எக்ஸ்ஈ ரவுட்டருக்குப் போஸ்ட்மேன் என்ற மென்பொருளிலிருந்து ரெஸ்ட்கொன்ஃப், அதாவது இணைய வழிக் கட்டளை, அனுப்பிப் பாருங்கள். எங்கள் விறாந்தையில் ஒரு தங்கச்சி ஒரு இன்டர்பேஸின் விவரணத்தை மாற்ற அனுப்பினார். 204 என்று வந்தது, கீழே வெறுமை. ‘அண்ணை, வேலை செய்யேல்லை’ என்று அழித்து அழித்து நாலுதரம் அனுப்பினார். ரவுட்டரில் ஏறிப் பார்த்தால் முதல்தரமே மாறியிருக்கிறது. 204 என்றால் செய்துவிட்டேன், திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம். புதிதாக ஒன்றை உருவாக்கினால் 201. கடவுச்சொல் பிழை என்றால் 401. அவருக்கு இனி அது மறக்காது.

காசு கொடுக்காமல் பிஜிபி படிக்க ஏதும் இருக்கோ?

உங்கள் வீட்டு இன்டர்நெட்டே இருக்கிறது. உலகப் பிஜிபி வழிகளைச் சேகரிக்கும் ரூட் வியூஸ் திட்டத்தின் பொது ரவுட்டருக்கு டெல்நெட் செய்து, உங்கள் இணைப்பு இருக்கும் முகவரித் தொகுதியைத் தேடிப் பாருங்கள். உலகத்தின் பல மூலையிலிருந்து இலங்கைக்கு எந்த எந்த ஏஎஸ், அதாவது தனி நிர்வாகத்தில் உள்ள நெட்வேர்க், வழியாக வருகிறார்கள் என்று வரிவரியாகக் காட்டும். ஏஎஸ் பாதை என்றால் என்ன என்று நான் மூன்று அத்தியாயம் வாசித்து விளங்கியதைவிட அந்தத் திரையைப் பார்த்து விளங்கியது அதிகம்.

அதோடு வீட்டு ரவுட்டரின் வான் (வெளிப்பக்க) முகவரியையும் பாருங்கள். 100.64இல் தொடங்கி 100.127க்குள் இருந்தால், நீங்கள் ‘கேரியர் நாட்’, அதாவது சேவை வழங்குநர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிடும் முறைக்குப் பின்னால் இருக்கிறீர்கள். நாட் பாடத்துக்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் கிடையாது.

வகுப்புக்குப் போகலாமோ?

போகலாம், ஆனால் சேர முதல் இரண்டு கேள்வி கேளுங்கள். லாப்பில் நாங்கள் கை வைக்கலாமா, அல்லது சேர் செய்வதைப் புரொஜெக்டரில் பார்ப்பதா? எந்தப் பதிப்புப் பாடத்திட்டம்? நான் வருடக்கணக்குக்கு முன் ஒரு இடத்தில் காசு கட்டிச் சேர்ந்தேன். ஆறு கிழமை ஸ்லைட் வாசித்தார்கள், ஏழாம் கிழமை பென்ட்ரைவில் டம்ப்ஸ் தந்தார்கள். கட்டிய காசுக்கு ராம் வாங்கியிருக்கலாம்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு விறாந்தையில் இருந்து, ஒருவர் உடைக்க மற்ற இருவர் கண்டுபிடிப்பது எந்த வகுப்புக்கும் குறைந்ததில்லை.

சிசிஎன்ஏ இல்லாமல் நேரா எழுதலாமோ?

சட்டப்படி எழுதலாம், 2020க்குப் பின் கட்டாயமில்லை. சப்நெட்டிங்கை மனதுக்குள் போடத் தெரியாவிட்டால் எழுதாதீர்கள்.

மொத்தம் எவ்வளவு முடியும்?

என்கோர் 400 டொலர், எனார்சி 300 டொலர், வரி தனி. டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 2,10,000 ரூபாய். இங்கே ஒரு இளம் பொறியியலாளருக்கு இது சின்னக் காசில்லை. அதனால்தான் படிப்புச் சாமானில் மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன். என் கணக்கில் ஒரு புத்தகம், ஒரு மாதிரி வினாத்தாள் தொகுதி, தேவையென்றால் ராம். மற்றதெல்லாம் இலவசமாகவே தேடலாம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவோ சித்தப்பாவோ ‘என்ன வேணும்?’ என்று கேட்டால் லப்டொப் கேட்காதீர்கள், பரீட்சைக் கட்டணத்தைக் கட்டச் சொல்லுங்கள்.

என்கோர் மட்டும் பாஸ் பண்ணினாலே ஸ்பெஷலிஸ்ட் சான்றிதழ் ஒன்று கிடைக்கும். இரண்டாவதற்குக் காசு சேரும்வரை அதைக் காட்டலாம். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும்.

வீட்டில இருந்து எழுதலாமோ, கொழும்புக்குப் போறதோ?

வீட்டிலிருந்து கமரா முன்னால் எழுதும் வசதி இருக்கிறது. ஆனால் தனி அறை வேண்டும், ஒருவரும் உள்ளே வரக்கூடாது. எங்கள் வீடுகளில் கதவைத் தட்டாமல் தேத்தண்ணி கொண்டுவரும் அம்மாவை இரண்டு மணித்தியாலம் மறிப்பது ஓஎஸ்பிஎஃப்பை விடக் கஷ்டம். கரண்ட் போகலாம் என்ற பயம் வேறு. யூபிஎஸ் லப்டொப்புக்கு இல்லாவிட்டாலும் ரவுட்டருக்கு வேண்டும்.

கொழும்புக்குப் போவதென்றால் பரீட்சைக்கு முதல்நாள் இரவு பஸ்ஸில் ஏறாதீர்கள். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், விடியப்புறம் இறங்கி முகம் கழுவி நேரே போய் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல்நாள் காலையே ரயிலில் போய் வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நித்திரை கொண்டு எழும்பிப் போங்கள். கையில் அந்தக் கொப்பி மட்டும் போதும்.

பெயிலாப் போனன். இனி எந்தப் புத்தகம் வாங்கிறது?

ஒன்றும் வாங்காதீர்கள். புள்ளி அறிக்கையில் பகுதி பகுதியாக எத்தனை வீதம் எடுத்தீர்கள் என்று இருக்கும். அதைப் பழைய அந்த நாலைந்து தாள்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். என்னுடையதில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் எண்பதுக்கு மேல், ஓட்டோமேஷன் முப்பதுக்குக் கிட்ட. ரூட்டிங் புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, ஆறு கிழமை சான்ட்பொக்ஸிலேயே கிடந்தேன். என்ன கேள்விகள் வந்தன என்று நண்பர்கள் கேட்பார்கள். சொல்லாதீர்கள், அது ஒப்பந்தத்தை மீறுவது. எந்தப் பகுதியில் கை நடுங்கியது என்பதை மட்டும் வீட்டுக்கு வரும் வழியிலேயே, ரயிலில் இருந்தபடி, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மதவாச்சி தாண்டினால் பாதி மறந்துவிடும்.